நீ அனுப்பிய சத்தமில்லாத கார்

அன்பு மகனுக்கு,

இதை வாசிக்கத் தொடங்கியதுமே நீ சிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். போனில் சொல்லலாம்தானே, இந்த அம்மா ஏன் கடதாசியும் பேனையுமாக உட்கார்ந்தா என்று ஷிரோமியிடம் கேட்பாய். போனில் நான் சொல்லத் தொடங்கினால் நீ இடையில் புகுந்து, "அம்மா, கொஞ்சம் கேளுங்களேன்" என்பாய். அதற்குப் பிறகு நான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கடதாசியில் அந்தத் தொல்லை இல்லை. அடுத்த மாதம் உனக்குக் கலியாணம். அது முடிந்த கையோடு நீங்கள் இரண்டு பேரும் இத்தாலிக்குப் போகிறீர்கள். கலியாண வீட்டில் எனக்கு உன்னோடு கதைக்க நேரம் கிடைக்காது, விமான நிலையத்தில் அழுகை வந்து கதைக்கவே முடியாமல் போய்விடும். அதனால் இப்போதே எழுதுகிறேன். விஷயம் வேறொன்றுமில்லை, நீ கொண்டுவந்து விட்ட அந்தக் கார்தான்.

அது வந்த நாளிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் குசினியில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தேன். நீ கொழும்பிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து, கேற்றைத் தாண்டி, முற்றத்தில் நிறுத்தியதுகூட எனக்குக் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே நீல நிறத்தில் ஒன்று நிற்கிறது. தபால்காரருக்குக்கூடக் குரைக்கும் நம் நாய் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டது. "அம்மா, இது உங்களுக்கு. கலியாணப் பிரசன்ட்" என்று திறப்பை என் கையில் வைத்தாய். அதைத் திறப்பென்றும் சொல்ல முடியாது, அட்டை மாதிரி ஒரு பிளாஸ்டிக் காட். ஷிரோமி கை தட்டினாள். அப்பா வள்ளத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்து காரின் அடிப்பக்கத்தைப் பார்த்தார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நீ என் கண்ணைப் பார்க்காமல், "பழைய காரை இனி வித்திடலாம்தானேம்மா" என்றாய். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது.

நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நீ வாசித்து முடித்ததும் இந்தக் கடிதம் ஷிரோமியின் கைக்குப் போகும், வரப்போகிற மருமகளும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும். உன் அப்பா கச்சான் காற்றடிக்கும் கடலிலும் அசையாத மனுசன். அதே மனுசனைக் காரில் ஏற்றினால் மாம்புரிச் சந்தி தாண்டுவதற்குள் தலையை ஜன்னலுக்கு வெளியே போட்டு ஓங்காளிப்பார். அதனால் எங்கள் வீட்டில் கடல் அவருக்கு, ரோட்டு எனக்கு என்று ஆகிவிட்டது. மீன் பெட்டிகளைச் சிலாபத்துக்குக் கொண்டுபோகிற லொறியின் டிரைவர் ஒரு நாள் வராமல் விட, நான்தான் ஏறி உட்கார்ந்தேன். என் அண்ணாவின் லொறியில் உப்பளத்து வெளியில் களவாகப் பழகியிருந்தேன். லைசன்ஸ் பிறகுதான் வந்தது, அதை விடு. பள்ளிக்கூட வேன் ஓட்டத் தொடங்கிய பிறகு இந்தக் கரையில் ‘வேன் அன்ரி’ என்றால் தெரியாதவர்கள் இல்லை. பிழைப்புக்காகத் தொடங்கியது எனக்கு ஆசையாகவே மாறிவிட்டது. வேனை விற்ற பிறகும் வீட்டில் உப்பு முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு என் வெள்ளைக் காரில் கற்பிட்டி வரைக்கும் போவேன். உப்பு விளைகிற பகுதியில் இருந்துகொண்டு உப்பு வாங்கக் கார் எடுத்துப் போகிற ஒரே பொம்பிளை நானாகத்தான் இருப்பேன். களப்புத் தண்ணீர்ப் பக்கத்துக் காற்று காரைத் தள்ளும்போது ஸ்டியரிங்கை லேசாக எதிர்ப்பக்கம் பிடித்து, இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினால் சத்தம் ஒருமுறை தாழ்ந்து மறுபடி எழும்பும். அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் போவது. நீ பழைய காரை விற்கலாம் என்றபோது எனக்கு வேறொன்று கேட்டது. கியரும் சத்தமும் இல்லாததை ஓட்டுவது எனக்கு ஓட்டுவதே இல்லை, அதனால் அம்மா இனி ஓட்டினது போதும் என்று கேட்டது. இந்த வயதில் என்னிடமிருந்து எடுப்பதற்கு இருப்பது அது ஒன்றுதான், அதை எடுக்கத்தான் நீ பிரசன்டோடு வந்திருக்கிறாய் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

நான் சந்தேகப்பட்டதற்கு நியாயம் இருந்தது. நீ சின்ன வயதில் பாயில் படுத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி, ரோட்டில் போகிற வாகனத்தின் சத்தத்தை வைத்து அது யாருடைய வாகனம் என்று சொல்கிற பிள்ளை. உழைக்கத் தொடங்கி வாங்கிய முதல் காரில் என்ன சைலன்சரைப் பூட்டினாயோ, ஞாயிறு பூசை நேரத்தில் கோயிலடியால் நீ போனபோது பாதர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு நீ போய் முடியும்வரை காத்திருந்தார். அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கரண்ட் கார் பற்றி யாராவது கதையெடுத்தால் "சில்லுப் பூட்டின கிரைண்டரம்மா அது" என்று நீதான் சொல்வாய். அப்படிப்பட்ட நீ, ஒரு வருசத்துக்குள் மனம் மாறி, அந்தக் கிரைண்டரையே எனக்குக் கொண்டுவந்து தந்தால் நான் என்ன நினைப்பது? முதலில் ஷிரோமி உன்னை மாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். (கோபிக்காதே மகள், மாமிமார் முதலில் அப்படித்தான் நினைப்போம்.) பிறகு, யாரோ உன்னை ஏமாற்றி விற்றுவிட்டான் என்று நினைத்தேன். கடைசியில் எல்லா வழியும் ஒரே இடத்துக்குத்தான் வந்தது. இவன் என்னை உட்கார வைக்கப் பார்க்கிறான்.

அன்றைக்கு நீ என்னை ஓட்டச் சொன்னாய். "மிதிச்சுப் பாருங்கம்மா" என்றாய். மிதித்தேன். முதுகு சீற்றோடு ஒட்டிக்கொண்டது. பொய் சொல்லமாட்டேன், வாய் பிளந்துவிட்டேன். நீ பார்த்துவிடப் போகிறாய் என்று உடனே மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு நீ சொன்ன ஒவ்வொன்றுக்கும் நான் ஒன்று சொன்னேன். காற்றைக் கெடுக்காத கார் என்றாய். நம் கிணற்றடியில் நின்றாலே நுரைச்சோலைப் புகைபோக்கி தெரிகிறது, அங்கே கரியை எரித்துத்தான் கரண்ட் எடுக்கிறார்கள். "அப்ப புகை என்ட காருக்குப் பின்னால வராம அங்கால வருது, அவ்வளவுதானே?" என்றேன். நீ கடற்கரையில் சுற்றுகிற காற்றாடிகளைக் காட்டி, "அதுவும் கரண்ட்தானேம்மா" என்றாய். எந்தக் கரண்ட் எந்த வயரில் வருகிறது என்று யார் கண்டது? பெற்றோல் வரிசைக் காலத்தை ஞாபகப்படுத்தினாய், வெயிலில் காருக்குள் வெந்துகொண்டு கிடந்தோமே என்றாய். அந்த நேரத்தில் கரண்டும் நாள்தோறும் நின்றதை நீ மறந்துவிட்டாய், நான் மறக்கவில்லை. காலையில் ஊர் முழுவதும் மரக்கறித் தோட்டங்களுக்குத் தண்ணீர் மோட்டர் போட்டால் நம் வீட்டு பல்ப் மங்கிச் சிவந்துவிடுகிறது. அந்தக் கரண்டை நம்பிக் கார் வைத்திருப்பதா என்று கேட்டு உன்னை மடக்கிவிட்டேன்.

கழுதைகள் விஷயத்திலும் நான்தான் வென்றேன். நடு ரோட்டில் வழக்கம்போல ஒரு கூட்டமாகப் படுத்திருந்தன. வெள்ளைக் காரென்றால் தூரத்திலேயே இரண்டாவது கியருக்கு இறக்கி ஒரு உறுமல் கொடுப்பேன், முணுமுணுத்துக்கொண்டாவது எழும்பி வழிவிடும். ஹோர்ன் அடித்தால் அசையாது, பஸ்காரர்கள் அடித்து அடித்து அதற்குப் பழகிப்போயிற்று. உன் நீலக் கார் அவற்றின் மூக்குக்கு முன்னால் போய் நின்றது. ஒரு கழுதை தலையைத் தூக்கி, இது வாகனமா வேறேதுமா என்பதுபோல என்னைப் பார்த்தது. கடைசியில் நீ கொழும்புச் சேட்டும் கால்சட்டையுமாக இறங்கி, கை தட்டி, "ஹேய், ஹேய்" என்று விரட்டவேண்டி வந்தது. அப்பா பின் சீற்றில் இருந்தார். அவர் சிரித்ததை நீ கவனித்தாய். அவர் ஓங்காளிக்காமல் இருந்ததை நீ கவனித்திருக்கமாட்டாய், நான் கவனித்தேன். அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

நீங்கள் கொழும்புக்குத் திரும்பிய பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில் நான் தனியாக அந்தக் காரை எடுத்துக்கொண்டு பாலாவிப் பக்கம் போனேன். நேர் ரோட்டு, காலை வெயில் ஏறவில்லை, முன்னாலும் பின்னாலும் ஒரு வாகனமும் இல்லை. எவ்வளவு வேகத்தில் போனேன் என்று இங்கே எழுதமாட்டேன், உனக்குத்தான் தெரியுமே. திடீரென்று காருக்குள்ளிருந்து உன் குரல் வந்தது. "அம்மா, கொஞ்சம் மெல்லமா போங்களேன்." நான் பயந்துபோய்ப் பின் சீற்றைத் திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் போன் மணியடித்ததும், நான் எதையோ தொட்டதும் விளங்கியது. "நீ எங்க நிக்கிற?" என்று கேட்டேன். "ஒபிசில." "அப்ப நான் போற வேகம் உனக்கு எப்படித் தெரியும்?" காரை ரோட்டோரம் நிறுத்திவிட்டு மறுபடி கேட்டேன். "என்ட போனில காட்டும்மா" என்றாய். "வேற என்னென்ன காட்டும்?" "சார்ஜ் எவ்வளவு இருக்கு, கதவு பூட்டியிருக்கா... பிறகு கார் நிக்கிற இடம்." "அப்ப நான் உப்பு வாங்கப் போறது?" நீ கொஞ்சம் இழுத்துவிட்டு, "தெரியும்மா" என்றாய்.

மகன், அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. வேனில் ஏற்றிய பிள்ளைகளைப் பெற்றவர்கள்கூட என்னைப் பின்னால் வந்து பார்த்ததில்லை. நான் பெற்ற பிள்ளை நீ, கொழும்பில் ஒரு கதிரையில் இருந்துகொண்டு என் வேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் நினைத்தது சரியாகப் போயிற்று என்பதில் ஒரு திருப்தியும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். சந்தேகப்படுகிறவர்களுக்கு அப்படியொரு கெட்ட சந்தோசம் உண்டு. வீட்டுக்கு வந்து, அப்பா வள்ளத்தை மூடுகிற படங்கை எடுத்து நீலக் காரின் மேல் போட்டு, நாலு பக்கமும் கல் வைத்தேன். "இப்ப பார்க்கட்டும், படங்குதான் தெரியும்" என்றேன். அப்பா வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டே, "அது அப்பிடிப் பார்க்கிறதில்ல" என்றார். நான் அவரோடும் இரண்டு நாள் கதைக்கவில்லை.

வெள்ளைக் காரைக் கனமூலையில் இருக்கிற மெக்கானிக் நானாவிடம் கொண்டுபோனேன். ஒயில் மாற்றும் நேரம் வந்திருந்தது. அவரிடம் உன் காரைப் பற்றிச் சொன்னதும் என் பக்கம்தான் நின்றார். "எங்கட மகனும் அதுதான் வேணுமெண்டு நிக்கிறான் தங்கச்சி. வாப்பா மௌத்தான பொறகு வாங்கிக்கோ எண்டு செல்லிட்டேன்" என்றார். அவருக்கு அந்தக் காரில் செய்ய வேலை இல்லை, அதனால் சொல்கிறார் என்றும் எனக்குள் ஓடாமல் இல்லை. பிறகு காருக்கு அடியிலிருந்து வெளியே வந்து, "கிளச் பிளேட் முழுக்கத் தேஞ்சி ஈக்கி. முந்தி நீங்க இப்பிடி ஓட்ட மாட்டீங்களே" என்றார். போன முறை போட்ட சாமான் போலியாக இருக்கும், கடைக்காரன் ஏமாற்றியிருப்பான் என்றேன். அவர் கழித்த ஒயிலை வழக்கம்போல ஒரு பிளாஸ்டிக் கானில் ஊற்றித் தந்தார், நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதற்கடுத்த கிழமைதான் ஷிரோமியோடு கூறைச் சாறி பார்க்கப் போனது. சிலாபத்தில் அவளை அவளுடைய தாய்வீட்டடியில் வெள்ளைக் காரில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகிற வழியில் ரயில் கேற் போட்டுவிட்டார்கள். ரயில் போன பிறகும் வாகனங்கள் ஊர்ந்துகொண்டுதான் இருந்தன. கிளச்சை மிதி, கொஞ்சம் விடு, மறுபடி மிதி. என் இடது முழங்கால் எரியத் தொடங்கியது. வழக்கம்போல இடது கையைத் தொடைக்கு அடியில் கொடுத்துக் காலைத் தூக்கிக் கிளச்சின் மேல் வைத்தேன். இதை நான் எவ்வளவோ நாளாகச் செய்கிறேன், கியர் மாற்றுவதுபோலக் கை தன்பாட்டில் போகும். யாரும் பார்ப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"அன்ரி, கால் நோவுதா?" என்று ஷிரோமி கேட்டாள்.

"இல்லையே."

"நீங்க இல்லையெண்டுதான் சொல்லுவீங்களாம். அவர் சொன்னார்."

இதென்ன புதுக்கதை என்று அவள் பக்கம் திரும்பினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள் என்று முகத்திலேயே தெரிந்தது. நான் விடுவேனா? தோண்டித் தோண்டிக் கேட்டேன். கடைசியில் சொன்னாள். "நத்தார்ப் பூசை முடிஞ்சு கோயிலால வரும்போது அவர் பின் சீற்றில இருந்தார்தானே. நீங்க கையால காலைத் தூக்கி வெச்சதைப் பார்த்திட்டார். அண்டைக்கு என்னோட கதைக்கும்போது அழுதார், அன்ரி. அம்மாவை ஓட்டவேணாமெண்டு சொல்ல எனக்கு வாய் வராது, நான் கிளச்சை இல்லாமலாக்கிடுறன் எண்டார்."

கேற்றடியில் எல்லோரும் வாகனத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்குப் பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள். நான் எடுக்கவில்லை. எனக்குக் கண் தெரியவில்லை மகன், அவ்வளவு தண்ணீர். ஆனாலும் நான் உன் அம்மாதானே, அந்த நேரத்திலும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. "அப்பிடியெண்டா ஒட்டோ கியர் பெற்றோல் கார் ஒண்டு வாங்கியிருக்கலாமே, அதிலயும் கிளச் இல்லத்தானே?" என்று கேட்டேன். ஷிரோமி சிரித்துவிட்டாள். "அதை நானும் கேட்டன். மிதிச்சா யோசிச்சு யோசிச்சுப் போற வாகனத்தை அம்மா ரெண்டு நாளில விட்டிடுவா எண்டார். மிதிச்ச உடன போகவேணும், இல்லாட்டி அவவுக்கு அது ஓட்டுறதே இல்லையெண்டார்." அன்றைக்கு என்ன சாறி எடுத்தோம் என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டால், அவருக்கும் என் காலைப் பற்றித் தெரியுமாம். "ஏன் சொல்லல்ல?" என்றேன். "சொன்னா நீ என்ட முதுகைப் பற்றிக் கதையெடுப்பாய், பிறகு என்னைக் கடலுக்குப் போகவேணாமெண்டுவாய்" என்றார். இந்த வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் இரகசியம் வைத்திருந்திருக்கிறீர்கள். எல்லோரையும் சந்தேகப்பட்ட நான் அதை மட்டும் கண்டுபிடிக்கவில்லை.

மறுநாள் படங்கை எடுத்தேன். இந்த முறை குறை பிடிக்கவென்று போகவில்லை, ஓட்டப் போனேன். நீ வாகனப் பைத்தியம் என்பதால் உனக்கு உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். அந்தக் காரில் மிதியிலிருந்து காலை எடுத்தாலே வேகம் குறைகிறது, முதலில் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிறார்கள் போல இருந்தது. பழகிய பிறகு பிரேக்கைத் தொடாமலே வளைவுக்கு முன் வேகத்தை இறக்கப் படித்துவிட்டேன், கியரில் இறக்குவதற்குக் கிட்டத்தட்ட அதேதான். பாரம் முழுவதும் அடியில் இருப்பதால் களப்புக் காற்றுக்கு அசைவதில்லை. அது நல்லதென்று நீ சொல்வாய். காற்று அடிப்பதே கைக்குத் தெரியாமல் போவது எனக்கு நட்டமாகத்தான் இருக்கிறது. சத்தம் இல்லாததை நான் மன்னிக்கவே மாட்டேன். அந்த இரண்டாவதும் மூன்றாவதும் அதில் இல்லை, எத்தனை கம்பெனி வந்தாலும் அதைச் செய்து தர முடியாது. ஆனால் கற்பிட்டியில் இறங்கி நடக்கும்போது என் முழங்கால் என்னைக் கூப்பிடவில்லை. திரும்பி வரும்போது ஏற்றிக்கொண்டு வந்த அப்பா, வழியெல்லாம் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். இவ்வளவு காலமும் அவரைப் புரட்டியது பெற்றோல் மணமாம். முதலிலேயே தெரிந்திருந்தால் இவரை ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

அதற்குப் பிறகுதான் அந்த ஒயில் கூத்து நடந்தது. கடற்கரையில் வாகனம் வைத்திருக்கிற எவரும் செய்வதைத்தான் நாங்கள் செய்தோம். உப்புக் காற்று அடித்தட்டைத் தின்றுவிடாமல் இருக்கக் கழித்த ஒயிலைத் தூரிகையால் பூசிவிடுவது உனக்குத் தெரியாததல்ல. நானா தந்த கானை எடுத்து, உன் காரின் அடியில் அப்பா மல்லாந்து படுத்து, வள்ளத்துக்குத் தார் பூசுகிற மாதிரி ஒரு இடம் விடாமல் பூசினார். பக்கத்தில் குந்தியிருந்து விட்ட இடங்களைக் காட்டியது நான். செம்மஞ்சள் நிறத்தில் தடித்த வயர் ஒன்று ஓடியது, அதற்கும் சேர்த்துப் பூசினோம். பிறகு முதல் சேர்விசுக்குக் கொண்டுபோய் விட்டால், அங்கே இருந்த பெடியன்கள் காரைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டினார்கள். இதற்கு ஒயிலே தேவையில்லை, இவ்வளவு ஒயில் எங்கிருந்து கசிகிறது என்று அவர்களுக்கு விளங்கவில்லை. படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டார்கள்.

நீ போன் எடுத்தபோது ஏசப் போகிறாய் என்று தயாராக இருந்தேன். என்னிடம் பதிலும் இருந்தது. நீ ஏசவில்லை. "விக்கிற வாகனத்துக்கு நீங்க ஒயில் பூச மாட்டீங்களேம்மா" என்றாய். அது உண்மைதான். இங்கே யாரும் கைமாற்றப் போகிற வாகனத்தின் வயிற்றில் ஒயில் பூசி மினக்கெடுவதில்லை, வைத்திருக்கப் போகிறதுக்குத்தான் பூசுவார்கள். நான் வாய் திறந்து சொல்லாததைத் தூரிகை சொல்லிவிட்டது. நான் பேச்சை மாற்றி, "பெடியன்கள் கழுவிப்போட்டாங்களா?" என்று கேட்டேன். அப்போதுதான் நீ, "உங்களுக்குப் பிடிக்கல்லையெண்டா என்ட போனில இருக்கிறதை எடுத்திடுறன்" என்றாய். "எடு" என்றேன். வெடுக்கென்று சொல்லிவிட்டு வைத்தேன்.

இனி நீ கலியாணம் கட்டப் போகிறவன், ஒன்று சொல்கிறேன், கேள். நீ எனக்குச் செய்தது நல்லது. ஆனால் அதைக் களவு செய்வதுபோலச் செய்தாய். என் கால் நோவதைப் பார்த்தால், "அம்மா, கால் நோவுதா" என்று கேள். நான் இல்லையென்பேன். மறுபடி கேள். மூன்றாவது முறை நான் கத்துவேன், கத்திவிட்டு ஓம் என்பேன். நீ கேட்காமல் விட்டதால் நான் மாதக்கணக்காக உன்னைப் பற்றிக் கூடாததெல்லாம் நினைத்தேன், உன்னைப் பற்றி அப்படி நினைத்ததுதான் எனக்கு முழங்காலைவிட நொந்தது. நாளைக்கு அந்நிய நாட்டில் ஷிரோமிக்கு வேலை பிடிக்காமல் போகலாம், குளிர் பிடிக்காமல் போகலாம், உன்னையே ஒரு நாள் பிடிக்காமல் போகலாம். அவளுக்குத் தெரியாமல் அவளுக்கு நல்லது செய்ய ஓடாதே. அவள் முகத்தைப் பார்த்துக் கேள். அவள் என்ன செய்கிறாள், எங்கே நிற்கிறாள் என்று போனைத் தடவிப் பார்க்கிற பழக்கமும் வேண்டாம். மகள், உனக்கும் அதுதான். நீ அன்றைக்கு ரயில் கேற்றடியில் சொல்லக்கூடாததைச் சொன்னதால்தான் எனக்கு என் பிள்ளை திரும்பக் கிடைத்தான். இவன் வீட்டிலும் அப்படியே உளறிக்கொண்டிரு.

வெள்ளைக் காரை விற்கமாட்டேன். நானா புதுக் கிளச் பிளேட் போட்டுவிட்டார். மாதத்தில் ஒரு நாள், கால் நன்றாக இருக்கிற நாளில், அதை எடுப்பேன். யாருக்கும் தெரியாமல் நான் எங்காவது போக வேண்டுமென்றாலும் அதில்தான் போவேன். எங்கே போனேன் என்று கேட்காதே. விமான நிலையத்துக்கு உங்களை நீலக் காரில் நானே கொண்டுபோய் விடுவேன். போய் வரும் தூரத்துக்குச் சார்ஜ் போதும் என்று நீ எத்தனை முறை சொன்னாலும் நான் நம்பவில்லை, அதனால் முதல் நாளே ஒருமுறை சும்மா போய் வந்து பார்ப்பேன். உன் பழைய காரின் சைலன்சர் வந்த பெட்டிகூட இன்னும் நம் கொட்டிலில்தான் கிடக்கிறது, அதையும் நான் எறியப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. போனில் இருக்கிறதை எடுத்துவிடு என்று சொன்னேன்தானே. எடுத்திருந்தால் திரும்பப் போடு. உன் அறையை நேற்றுக் கூட்டினேன். கலியாணத்துக்கு வருகிறவர்களைப் படுக்கவைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டுதான் கூட்டினேன். கூட்டி முடித்துக் கட்டிலில் உட்கார்ந்தபோது எனக்கு விளங்கிவிட்டது. நீ போன பிறகு இந்த வீட்டுப் பக்கம் பார்க்க உனக்கு இருக்கப் போவது அந்தப் போன்தான். அங்கே குளிரில் வேலை முடிந்து வரும்போது எடுத்துப் பார். கார் ரோட்டில் போய்க்கொண்டிருந்தால் நான் சுகமாக இருக்கிறேன், உப்பு வாங்கப் போகிறேன் என்று நினைத்துக்கொள். வேகம் கூடினால் ஒன்றும் சொல்லாதே, எனக்குச் சந்தோசமான நாள் என்று விட்டுவிடு. நடு ரோட்டில் கனநேரம் நின்றால் மட்டும் பதறி உடனே போன் எடுக்காதே மகன். கழுதைகள் எழும்பும்வரை உன் அம்மா இறங்கி நின்று கை தட்டிக்கொண்டிருப்பாள்.

உன் அம்மா